லிட்டருக்குப் பதினாலு தரும் மாப்பிள்ளைக்கு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுதிப் பழக்கமில்லை. எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, அவளுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. தாங்களும், நிறைமாதமாக இருக்கும் என் மகளும், தங்கள் டீசல் வண்டியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். வண்டி நலமாகத்தான் இருக்கும். அந்த வீட்டில் முதல் கவனிப்பு அதற்குத்தானே.

மகளுக்குத் தலைப்பிரசவம், டாக்டர் பயணமே கூடாது என்றுவிட்டார், நாங்கள் வந்து கூட இருக்கவேண்டும் என்று தாங்களே அழைத்துப்போக வந்தீர்கள். சந்தோஷம். வந்து நின்றது வண்டியா வீடா என்று எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "நாலு சக்கரமும் இழுக்கும் மாமா. சேறு, மணல், ஆறு, எதுல வேணா போகும்" என்றீர்கள். தங்கள் வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஒரு குட்டைகூடக் கிடையாது. குளியலறைக் குழாயை மூட மறந்தால்தான் தாங்கள் ஆற்றைக் கடக்க முடியும். சரி, ஆசைப்பட்டு வாங்கிவிட்டார் என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சனியன், வாய் சும்மா இருக்கிறதா? "இவ்வளவு பெரிய உருப்படி எவ்வளவு கொடுக்கும்?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டேன். "லிட்டருக்குப் பதினாலு!" என்று நெஞ்சை நிமிர்த்தினீர்களே, என்னமோ தாங்களே கீழே இறங்கித் தள்ளிக் கொடுத்த மாதிரி.

அதோடு விட்டீர்களா? பெட்டி ஏற்றுவதற்கு முன்னால் வண்டியிலிருந்து ஒரு எடை மெஷினை எடுத்து வாசலில் வைத்து, "ஏறுங்க அத்தை. மொத்த லோடு தெரிஞ்சாத்தான் டயருக்குச் சரியா காத்து வைக்கலாம். மைலேஜ் கூடும்" என்றீர்கள். நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். சந்தையில் ஒரு கடை விடாமல் தராசுக்கு முத்திரை குத்தியவன். என் வாசலில், என் கண் முன்னால், முத்திரையே இல்லாத ஒரு மெஷினில் என் பெண்டாட்டியை ஏற்றி, "எண்பத்திமூணு" என்று தெருவுக்கே கேட்கப் படித்தீர்கள். எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் இன்னமும் சிரிக்கிறார்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தங்கள் முகம் சுண்டிவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மினுங்கும் சின்னத் திரையில் பதினாலுக்குப் பதில் ஒன்பது. அப்புறம் தாங்கள் ரோட்டைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. முதலில் ஏசியை அணைத்தீர்கள். ஜன்னலையாவது திறக்கலாமே மாப்பிள்ளை என்றேன். "காத்து உள்ள வந்தா வண்டியைப் பின்னால இழுக்கும் மாமா" என்றீர்கள். சரி, வேகவைத்த கிழங்கு மாதிரி உட்கார்ந்திருந்தோம். பிறகு வேகத்தைக் குறைத்தீர்கள். ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்து முந்தியது, ஒரு டிராக்டர் அடிக்காமலே முந்தியது, சைக்கிளில் போன ஒரு மனுஷர் நமக்கு ஒதுங்கி வழிவிட்டு நின்று, நின்று, நாம் வருகிற வழியைக் காணோம் என்று அவரே ஏறி மிதித்துப் போய்விட்டார். திருப்பத்துக்குத் திருப்பம் வண்டி முக்கி முனகி முரண்டு பிடித்தது. "லோடு மாமா, லோடு" என்று கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்தீர்கள். முன்னால் உட்கார்ந்திருந்தது நான். பின் சீட்டில் இருந்த லோடு யார்?

டீக்கடையில் நிறுத்தி, மகளுக்கென்று உங்கள் அத்தை பார்த்துப் பார்த்துக் கட்டிய மெத்தையையும் தலையணையையும் குக்கரையும் இறக்கிக் கடைக்காரரிடம் ஒப்படைத்தீர்கள். திரை அசைந்துகொடுத்ததா? எட்டரை. மேடு வந்தது. "அத்தை, இந்த ஒரு ஏத்தம் மட்டும் இறங்கி நடந்து வந்தீங்கன்னா…" என்று இழுத்தீர்கள். அவள் இறங்கி நடந்தாள் ஐயா! நடந்து, நாம் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே உச்சிக்குப் போய் மைல்கல்லில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். லட்சக்கணக்கில் கொட்டி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை வாங்கி, நடக்கிற மாமியாரிடம் தோற்ற ஆள் தாங்கள் ஒருத்தர்தான். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. போதும்யா உன் மைலேஜு என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, எதிரில் வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறி ஊர் திரும்பிவிட்டோம். பஸ்ஸில் யாரும் எங்களை எடை போடவில்லை. ஜன்னலும் திறந்திருந்தது.

அன்றிலிருந்து உங்கள் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த மௌனத்தைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. மகள் போனில் அழுகிறாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை, வலி வரும் நேரத்தில் அம்மா பக்கத்தில் இல்லாமல் என் குழந்தை என்ன பாடுபடுமோ என்று சோறு இறங்கவில்லை. இருந்தாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. தாங்கள் உங்கள் அத்தையிடம் எழுத்து மூலமாக மன்னிப்புக் கேட்கும்வரை நாங்கள் இருவரும் தங்கள் வாசலை மிதிக்கமாட்டோம். இது என் முடிவு மட்டுமல்ல, வாய் திறக்காத அந்த ஜீவனின் முடிவும்கூட.

தாங்கள் நீண்ட ஆயுளும் நிறைந்த டாங்க்கும் பெற்று, இறக்கமான பாதைகளிலேயே என்றென்றும் செல்ல ஆசீர்வதிக்கும்,
தங்கள் மாமனார்.

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுறது. தபால்ல போடச் சொல்லி என்கிட்ட குடுத்தார், ஒட்டுறதுக்கு முன்னால படிச்சேன். எனக்குக் கால் வீங்கவே இல்லை. எண்பத்திமூணு சரியான எடைதான், ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொன்னாங்க. ஏத்தத்துல இறங்கச் சொன்னதும் எனக்குச் சந்தோஷம். முன் சீட்டுல இவர் விடாம பேசினதைக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. வீட்டுல நான் பேசாம இருக்கேன்னா, இவர் நிறுத்தினாத்தானே நான் பேசுறதுக்கு?

இன்னொண்ணு. நீங்க ஊருக்குப் போய்ப் பாத்தப்போ, நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற அந்தக் குட்டிக் கம்பி மாறிக் கிடந்துச்சாம், அதான் டீசல் அப்படிப் போச்சாம், மகள் சொன்னா. அன்னிக்கு நீங்க டயருக்குக் காத்து அடிச்சு முடிச்சு வண்டியை ஓரம்கட்டினப்போ, உங்க மாமாதான் அதைப் பிடிச்சு இழுத்தார், சீட்டைப் பின்னால தள்ளுற கம்பின்னு நினைச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், எனக்கு மட்டும் என்ன தெரியும்? யார் கை பட்டிருக்கும்னு உங்களுக்கு அப்பவே தெரியுமாம், மாமா மனசு கஷ்டப்படும்னு மூச்சு விடலையாம். உங்களைப் பெத்தவங்க நல்லா இருக்கணும்.

சனிக்கிழமை காலையில வண்டியோட வந்துடுங்க, நான் பெட்டியோட வாசல்ல நிக்கிறேன். இவர் உங்க மன்னிப்புக் கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்பாத்து உக்காந்திருப்பார். உக்காரட்டும்.