பால் ஜாயின்ட்டுக்குப் பொட்டு வச்ச கதை

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. காரோட முன்சக்கரத்தைத் தாங்கற பால் ஜாயின்ட் ரெண்டையும் மாத்தணும்.

எழுபதுகளோட கடைசி. புதுச்சேரியில ஒரு சொல்தா வீட்டுல நான் டிரைவர். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரைத்தான் எங்க ஊர்ல சொல்தாம்பாங்க. நான் முசியேன்னு கூப்பிடுவேன். அவருகிட்ட ஒரு பழைய பிரெஞ்சு காரு. ஜாயின்ட் தேஞ்சுபோய், பள்ளத்துல இறங்கினா 'டொக்'குங்கும்.

நாலு மணி ரயிலுக்கு அவரு பொண்ணைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க.

"ரங்கா, சத்தம் வந்தா சம்பந்தம் போச்சு. சம்பந்தம் போனா நீயும் போயிடு!"ன்னு சொல்லி, பாரீசுலேர்ந்து மச்சான் கொண்டாந்த புது ஜாயின்ட் ரெண்டையும் கையில குடுத்தாரு.

அன்னைக்கு ஆயுத பூஜை. உழவர்கரையில கோதண்டம் மேஸ்திரி ஷெட்டுக்குப் போனேன். "பூஜைக்கு முன்னாடி முடிச்சிடலாம் வா"ன்னாரு.

ஜாக்கி வச்சுத் தூக்கி, டயரை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டினாரு. ஆடுச்சு பாருங்க, கெழவி பல்லு மாதிரி!

"இதோடயா ஓட்டினே? உனக்கு முன்னாடி சக்கரம் வீட்டுக்குப் போயிருக்கும்!"

பழசு ரெண்டையும் கழட்டி மூலையில எறிஞ்சாரு. "பூ வாங்கியாந்து மாட்டறேன்"னு கெளம்பினாரு.

நான் சும்மா இருந்தனா?

"அண்ணே, பூஜைக்குச் சாமானைத் தொடைச்சுக் குடுங்களேன்"னுச்சு மேஸ்திரி சம்சாரம் தனபாக்கியம். அவ்ளோதான், பக்தி பொங்கிடுச்சு! ஸ்பேனர், சுத்தி, ஒண்ணு விடலை. மண்ணெண்ணெயில கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு அடுக்கினேன். புது ஜாயின்ட் பளபளன்னு இருந்துச்சா, அதுங்களை நட்டநடுவுல வச்சேன்.

தனபாக்கியம் கற்பூரம் காட்டிடுச்சு.

மேஸ்திரி பூவோட வந்தாரு. "எங்கப்பா என் ஸ்பேனரு?"

நான் காட்டினேன், பெருமையா.

அவரு கையை நீட்டினாரு. "தொட்டுத்தான் பாரேன்! நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்!"னுச்சு தனபாக்கியம்.

"தங்கச்சி, நாலு மணிக்கு ரயிலு வருது!"

"வரட்டும். ரயிலுக்கு எதுக்கு ஸ்பேனரு?"

மேஸ்திரியோட சைக்கிளை எடுத்துக்கிட்டு கோரிமேடு வரைக்கும் நாலு ஷெட்டு ஏறி இறங்கினேன். ஊர்ல இருக்கற அத்தனை ஸ்பேனரும் பொட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு! ஆனா எல்லாரும் பொரி குடுத்தாங்க. பை ரொம்பிடுச்சு.

பொரியை மென்னுக்கிட்டிருக்கும்போதுதான் பொறி தட்டுச்சு. முசியே கிறிஸ்துவரு! அவரு வீட்டுல ஏது ஆயுத பூஜை? கார் கொட்டாயில இருந்த அவரோட ஸ்பேனர் பெட்டியைச் சத்தமில்லாம தூக்கியாந்துட்டேன்.

"ஸ்பேனரு ஆச்சு. ஜாயின்ட்டுக்கு எங்க போவ?"ன்னாரு மேஸ்திரி.

ரெண்டு பேரும் மூலையைப் பாத்தோம். பொட்டு வைக்காம கெடந்தது அந்தப் பழசு ரெண்டும்தான்.

திரும்பவும் அதையே மாட்டினோம். "நடந்து போறவனைக்கூட முந்தாத"ன்னு மேஸ்திரி சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நான் கை கழுவிட்டு வந்து, பெட்டியை வண்டியில போட்டுக்கிட்டுப் பறந்தேன். பறந்தேன்னா, ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னாடி.

ஸ்டேஷன்லேர்ந்து திரும்பும்போது பின்னாடி மாப்பிள்ளை வீடு, பக்கத்துல, போற வழியில ஏத்திக்கிட்ட முசியே. முதப் பள்ளம். பிரேக்கை மெதுவா மிதிச்சேன்.

டொக்!

முசியே என்னைப் பாத்தாரு. நான் ரோட்டைப் பாத்தேன்.

பின்னாடியிலேர்ந்து சம்பந்தி, "அட, அப்படியே நம்ம வண்டி மாதிரியே சத்தம் போடுது!"ன்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்புலயே சம்பந்தம் முடிஞ்சுது. என் வேலையும் தப்பிச்சுது.

ராத்திரியே பெட்டியைக் கொட்டாயில பழையபடி வச்சுட்டேன். மறுநாள் காலையில புதுசை மாட்டிக்கிட்டு வந்தேன். முசியே பெட்டியைத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கறாரு. அத்தனை பிரெஞ்சு ஸ்பேனருக்கும் சந்தனம், குங்குமம்! வந்த சாமானை வெறுமனே அனுப்பக்கூடாதுன்னு, நான் கை கழுவற நேரத்துல தனபாக்கியம் செஞ்ச வேலை.

"ரங்கா, இதுங்கள்ளாம் எப்படா மதம் மாறிச்சு?"

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் கேக்காமலே லீவு குடுத்துட்டாரு.