நாலு நிமிடத்தில் சந்தை

இனி ஒரு நாள்கூடப் பேருந்தில் தொங்க மாட்டேன் என்று அட்டவணைக்காரர் சபதம் போட்டபோது, பேருந்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தார்.

எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு எங்கே வரும் என்று அட்டவணை போடுவது அவர் வேலை. இருபது வருடமாகப் போடுகிறார். இன்றுவரை ஒரு வண்டிகூட அவர் போட்ட நேரத்துக்கு வந்ததில்லை. குற்றம் வண்டியின் மேல்தான் என்பது அவர் கட்சி.

வீடு ஊர்க்கோடியில், அலுவலகம் நகரின் நட்டநடுவில். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. டாக்டர் அவர் தொப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தினம் அரை மணி வேகமா நடங்க சார். இதயத்துக்கு இவ்வளவு சுமை ஆகாது" என்றபோது, "நடக்க நேரம் ஏது டாக்டர்? பஸ்ல நிக்கவே நேரம் பத்தலை" என்று சிரித்து மழுப்பிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சிரிக்கவில்லை.

ஆகவே நகர நடுவிலேயே குடியேறுவது என்று முடிவு கட்டினார். நடப்பதற்காக அல்ல. மிச்சமாகும் மூன்று மணி நேரமும் சாய்வு நாற்காலியில் செய்தித்தாளோடு சாய்ந்து கிடப்பதற்காக. ஒரே தடை மனைவி. அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். இருக்கிற வாடிக்கைக்காரர்களை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அட்டவணைக்காரர் தன் ஆயுதத்தை எடுத்தார். ஒரு பெரிய தாளை அவள் தையல் மெஷின் மேல் விரித்தார்.

"என்னங்க இது?"

"அட்டவணை. அங்கே குடிபோனா என்னென்ன சௌகரியம், எத்தனை நிமிஷம்னு போட்டிருக்கேன். படிச்சுப் பாரு."

"ஆபீஸ் ஆறு நிமிஷம். பல் டாக்டர் ரெண்டு. நூலகம் மூணு. நூல் கடை அரை... நூல் கடை அவ்வளவு கிட்டயா?"

"படிக்கட்டு இறங்கினா நூல் கடை. பக்கத்துலயே சலூன்."

"காய்கறிச் சந்தை நாலு. நாலா?"

"நாலேதான். போக நாலு, வர நாலு, வாங்க நாலு. அடுப்புல தண்ணி வச்சுட்டுப் போனா, கொதிக்கறதுக்குள்ள வந்துடலாம்."

"நிஜமாவா?"

"என் அட்டவணையிலயே சந்தேகமா?"

மற்ற கணக்கெல்லாம் ஏறக்குறைய சரிதான். சந்தையில்தான் கை விளையாடிவிட்டது. பேருந்துக்குப் போடும் அதே முறையில் போட்டிருந்தார். அதாவது தெருவில் ஈ காக்கை கிடையாது, சிக்னல் எல்லாம் பச்சை என்று வைத்துக்கொண்டு வரைபடத்தில் ஸ்கேலை வைத்தார். ஏழு வந்தது. மனைவியின் முகத்தை நினைத்துப் பார்த்து நாலாக்கினார்.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். ஒரு மத்தியானம் எங்கேயோ போய்விட்டு வந்தாள். பிறகு சொன்னாள்:

"சரி, போகலாம். ஒரே ஒரு நிபந்தனை. பன்னிரண்டு நிமிஷ வேலைதானே, தினமும் சாயங்காலம் சந்தைக்கு நீங்கதான் போகணும்."

"இவ்வளவுதானா!" என்று அட்டவணையின் அடியில் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார் மனிதர்.

குடியேறிய முதல் நாள் சந்தைக்குப் போய் வர இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. மனைவி இரண்டாம் மாடி பால்கனியில் தவித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க ஆச்சு? வழி தவறிட்டீங்களா? போலீஸுக்குச் சொல்லலாமான்னு பாத்தேன்!"

"அது... செருப்பு வார் அறுந்துடுச்சு."

செருப்பு தினமும் அறுமா? இருபது வருட அட்டவணை மானம் என்ன ஆவது? இரண்டாம் நாள் ஓடினார். கையில் பை, வாயில் மூச்சு, தொப்பை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வந்து சேர்வதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. மனைவி கடிகாரத்தைப் பார்த்து, "பதினெட்டு. பரவாயில்லை, பழகிடும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இஞ்ச் டேப்பை அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். புது பேன்ட் தைக்கிறாளாம்.

ஐந்தாவது வாரம் அவருக்கு ஞானம் பிறந்தது. மறுநாளைக்கு வேண்டிய காய்கறியை மனைவி காலையிலேயே சமையலறைச் சிலேட்டில் எழுதிவிடுவாள். அலுவலக வாசலிலேயே ஒரு தள்ளுவண்டி நிற்கிறது. அதில் வாங்கி, வரும் வழியில் கீழே சலூனில் பையை வைத்துவிட்டு, வெறுங்கையோடு மேலே போனார். ஆறு மணிக்கு மனைவி "கிளம்புங்க" என்றதும் வெறும் பை ஒன்றோடு இறங்கி, சலூன் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்தார். சரியாகப் பன்னிரண்டாவது நிமிடம் பையோடு மேலே போய், போனால் போகிறதென்று கொஞ்சம் மூச்சு வாங்கிக் காட்டினார்.

"அட, பன்னிரண்டேதான்!" என்றாள் மனைவி.

"நான்தான் சொன்னேனே!"

நகர நடுவில் வாழ்வதைப் போல உண்டா! மூன்று வாரம் சொர்க்கத்தில் இருந்தார். மூன்றாவது ஞாயிறு டேப்பைப் பிடித்தவள் புருவத்தைத் தூக்கினாள்.

"அரை இஞ்ச் ஏறியிருக்கே?"

"டேப் சுருங்கியிருக்கும்."

அவள் டேப்பைச் சுருட்டினாள். நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை அவர் அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவும்போது, "நூல் வாங்கிட்டு வந்துடறேன்" என்று கீழே போனாள். சீக்கிரமே வந்துவிட்டாள். ஆறு மணிக்கு, "கிளம்புங்க" என்றாள்.

அவர் சீட்டியடித்தபடி சலூனுக்குள் நுழைந்தார்.

"காய்கறிப் பையை அப்படியே வச்சிருங்க, பேப்பரை மட்டும் கொடுங்க."

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். "பை இல்லையே சார். அம்மா வந்து எடுத்துட்டாங்க."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மா. எடுத்து எங்க வீட்டுக்கே கொடுத்துட்டாங்க சார். தக்காளி ரொம்ப நல்லா இருந்துச்சு. உங்களை உக்கார விட்டா, இனிமே எனக்குச் சட்டை தைக்க மாட்டாங்களாம்."

அட்டவணைக்காரர் திருதிருவென்று விழித்தபடி தெருவுக்கு வந்தார். மேலே பால்கனியில் மனைவி, கையில் கடிகாரத்தோடு.

"ரெண்டு நிமிஷம் போச்சுங்க!"

இனி மறைத்து என்ன? தெரு என்றும் பார்க்காமல் கத்திவிட்டார்.

"நாலு நிமிஷம்னு போட்டது பொய்! பதினொண்ணு ஆகும்!"

"தெரியுமே. குடிவர்றதுக்கு முன்னாடியே ஒரு மத்தியானம் வந்து நடந்து பாத்துட்டேன். பதினொண்ணு."

"பின்னே ஏன் வாயைத் திறக்கலை?"

"திறந்திருந்தா நீங்க ஓடியிருப்பீங்களா?" அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். "பழைய வீட்டுல பஸ் படி ஏறவே நெஞ்சைப் பிடிச்சுட்டு நிப்பீங்க. எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா? டாக்டர் சொல்லிக் கேக்கலை, நான் சொல்லிக் கேக்கலை. உங்க அட்டவணை சொன்னா கேப்பீங்கன்னு விட்டுட்டேன். ரெண்டரை இஞ்ச் குறைஞ்சுது. இன்னும் மூணு இருக்கு. ஓடுங்க!"

அவருக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. வெறும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். அடுத்த பால்கனிக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரர் இப்படி ஓடறாரு?"

மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னாள்:

"இருபது வருஷமா அட்டவணை போடறாரு. அதும்படி ஓடற முதல் வண்டி இதுதான்."