களத்தில் நிறுத்தி நிமிர்த்திய கார்

ஆறு மாதம் பட்டணத்தில் எதையாவது கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறவனை ஒரு வாரமாவது கட்டிப் போட்டு வைக்க வேண்டும். என்னை யாரும் கட்டிப் போடவில்லை. அதன் பலனை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் சென்னையில் மோட்டார் வேலை கற்றுக்கொண்டு (நான்கு மாதம் சக்கரம்தான் கழுவினேன்) சூலூர்ப் பக்கம் மாமாவின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். அவர் என் அம்மாவின் அண்ணன். அவர் மகள் மரகதம் எனக்கு முறைப்பெண். ஆனால் தாராபுரத்திலிருந்தும் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மாப்பிள்ளைக்கு நிலம் இருந்தது. எனக்கு ஸ்பானர் இருந்தது.

மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மாமாவிடம் இருந்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். ஓட்டுகிறவர் உட்காரும் வலப்பக்கம் சற்றே தாழ்ந்து நிற்கும். மாமாவின் உடம்பு அப்படி. இதை அவரிடம் யார் சொல்வது?

"மெட்ராஸெல்லாம் போயிப் படிச்சுப்போட்டு வந்திருக்கறே. இந்தச் சாய்வை எடுத்துப்போடு. ஞாயித்துக்கெழமை போத்தனூர்க் கல்யாணத்துக்கு நாம ரெண்டு பேரும் அதுலதான் போறோம். சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க, அங்கயே மரகதம் விசயத்தையும் முடிவு பண்ணிப்போடலாம்" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கார் நிமிர்ந்தால் மரகதம் எனக்கு, இல்லாவிட்டால் தாராபுரத்துக்கு.

காரைத் தள்ளிக்கொண்டு சோளம் அடிக்கும் களத்துக்குப் போனேன். கல் பாவிய, வழுவழுப்பான களம். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிக் காரின் குறுக்கே வைத்ததும் குமிழி ஓரத்துக்கு ஓடியது. இவ்வளவு சாய்வா! வீட்டு வில்வண்டியைப் பிரித்து, அதன் வில்லிலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் காரின் வலப்பக்க வில்லில் சேர்த்தேன். போதவில்லை. மறுநாள் இன்னொன்று. மூன்றாம் நாள் மூன்றாவது பட்டையும் ஏறியபின் குமிழி நடுவில் வந்து நின்றது.

பண்ணையத்து மாரப்பன் மட்டும் முதல் நாளே, "ஏனுங்க சின்னவரே, களத்துல வெச்சுத்தான் பாக்கோணுங்களா?" என்று கேட்டார்.

"இதைவிடச் சமமான எடம் எங்க இருக்குது?"

"அதுஞ் சரிதானுங்க" என்று போய்விட்டார்.

மரகதம் தினமும் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ரசமட்டத்தையும் களத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். என் திறமையில் சொக்கிப்போனாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் ஏறியதும் கார் இடப்பக்கம் சாய்ந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த மாமா மெல்ல வழுக்கி என் மேல் வந்து சேர்ந்தார். தள்ளி உட்காருங்க என்று மாமனாரிடம் சொல்ல முடியுமா? (அதுவும் இன்னும் மாமனார் ஆகாதவரிடம்?) சிங்காநல்லூர் தாண்டியபோது என் இடது தோள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லோரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒருவர் மாட்டுவண்டியையே நிறுத்தி, "ஏனுங்க, குடை சாயப் போவுதுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

"இல்லீங்க, இப்பத்தான் சரி பண்ணியிருக்குதுங்க" என்றார் மாமா, என் மேலிருந்தபடியே.

கல்யாண வீட்டில் மரகதம் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. பந்தியில் தாராபுரத்துக்காரர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

வீடு திரும்பியதும், கார் ஏன் இப்படிச் சாய்ந்தது என்று மாமா கேட்க, மாரப்பன் ஒரு குடம் தண்ணீரைக் களத்தில் ஊற்றினார். அது சரசரவென்று ஒரே பக்கமாக ஓடி வாய்க்காலில் விழுந்தது. மழைத்தண்ணீர் தேங்காமலிருக்க, களத்துக்கு வாட்டம் விட்டுத்தான் கல் பாவுவார்கள். களத்தின் அந்தச் சாய்வையும் சேர்த்துத்தான் நான் காரில் நிமிர்த்தியிருந்தேன். எங்கள் பக்கத்தில் கோழிக்குக்கூடத் தெரிந்த சங்கதி. நானும் களத்தில் புரண்டு வளர்ந்தவன்தான். வெட்கமாக இருந்தது.

"தெரிஞ்சும் ஏஞ் சொல்லலே?" என்று மாமா கத்தினார்.

"படிச்சவங்களுக்கு நாங்க எப்படீங்க சொல்றது?" என்றார் மாரப்பன்.

மாமா மகள் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமா அம்மணி?"

"தெரியுமுங்கப்பா."

"நீயாவது சொல்லியிருக்கலாமல்லொ?"

மரகதம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சொல்லியிருந்தா மொத நாளே வேலை முடிஞ்சிருக்குமுங்களே."

மாமா மறுநாளே தாராபுரத்துக்கு ஆள் அனுப்பி, பெண் கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார்.

இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமா வீட்டு வகையறா வரிசையாக நின்று தலையை இடப்பக்கம் சாய்த்து என்னை வரவேற்கிறது. பேரன் பேத்திகளுக்கும் பழக்கிவிட்டார்கள். சலித்துவிட்டது. கோபித்துக்கொள்ளவும் தெம்பில்லை, கோபித்தாலும் யாரைக் கோபிப்பது? இதை ஆரம்பித்து வைத்தது எங்கள் கல்யாணத்தில் மணப்பெண்தான். நான் தாலியோடு குனிந்தபோது அவள் என்னைப் பார்த்து மெல்லத் தலையைச் சாய்த்தாள். வெட்கம் என்று சபையில் பேசிக்கொண்டார்கள்.