இத்தாலிக் காருக்கு நாலு தேசிக்காய்

அந்த இத்தாலிக் காரைச் செய்தவன்கூட அதைப் பற்றி இவ்வளவு கதைத்திருக்க மாட்டான். நாங்கள் பன்னிரண்டு சிலிண்டர் என்று பட்டம் வைத்த எங்கள் அண்ணை கதைத்தார். சாப்பிடும்போது கதைத்தார், சவரம் செய்யும்போது கதைத்தார். ஒரு செத்தவீட்டில் பெட்டியைத் தூக்கும்போது, "இதைக் கார்பன் ஃபைபரிலை செய்திருந்தா ஒருத்தனே தூக்கலாம்" என்றார். செத்தவரின் மகன் அதற்குப் பிறகு எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. பிரெஞ்சு கதைக்கிற எங்கள் பனி நகரத்தில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு அப்பார்ட்மெண்டில் நானும் அவரும் இருந்தோம். இருவருக்கும் ஒரே தகரத் தொழிற்சாலையில் வேலை. இத்தாலிக்காரர் கொஞ்சமாகச் செய்து, தாங்கள் தெரிந்தெடுத்த பணக்காரருக்கு மட்டும் விற்ற அந்தக் காரின் படம், எங்கள் வீட்டில் முருகனுக்கு மேலே தொங்கியது. அண்ணையின் சொந்தக் காரோ பனிக்குப் போடுகிற உப்புத் தின்ற பழைய ஜப்பான் கார். டிரைவர் பக்கக் கதவு கம்பியால் கட்டியிருக்கும். மற்றப் பக்கத்தால் ஏறித் தவழ்ந்துதான் ஓட்டப் போகவேண்டும். பனியில் அது மேடு ஏறாமல் வழுக்க, நான் பின்னால் நின்று தள்ளுவேன். அவர் ஜன்னலால் தலையை நீட்டி இத்தாலிக் காரைப் பற்றி வகுப்பெடுப்பார்.

"அதுக்குப் பின்னாலை பெரிய செட்டை ஒண்டும் இல்லையடாப்பா! அடிப்பக்கத்தாலை காத்தை இழுத்து, ரோட்டோடை ஒட்டிக்கொண்டு பறக்கும். கதவு மேலை பாத்துத் திறக்கும்!"

"முதலிலை உங்கடை கதவு பக்கத்தாலை திறக்கட்டும் அண்ணை!"

ஆனால் வடிவும் வேகமும் அவருக்குப் பெரிசில்லை. சத்தம்தான் அவருக்கு உயிர். டிரைவரின் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு சிலிண்டரும் சேர்ந்து பாடுமாம். கம்பியூட்டரில் கேட்டது காணாது, நேரே கேட்கோணும் என்பார்.

அவரோ தகரம் அடிக்கிற மெஷினடியில் வருசக்கணக்காகக் காதுமூடி போடாமல் நின்ற மனிசன். போட்டால் வேர்க்குதாம். அந்த மாரிப் பனிக்காலத்தில் டொக்டர் சொல்லிவிட்டார்: ஒரு காது போய்விட்டது, மற்றதும் போய்க்கொண்டிருக்கிறது, ஒன்றும் செய்ய ஏலாது. வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார்.

"ஷெல் விழுற சத்தம் கேட்டாச்சு. மெஷின் சத்தமும் கேட்டாச்சு. ஒரு நல்ல சத்தம் கேக்காமல் இந்தக் காது போகக்கூடாது தம்பி."

நான் அவருடைய கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

ஜூனில் கார்ப் பந்தய வாரம் வந்தது. நகரத்தின் நடுவே தெருவை மறித்து, பணக்காரர் தங்கள் கார்களைக் காட்சிக்கு நிறுத்துவார்கள். அந்தக் காரும் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினோம். சிவப்புக் கார், இரண்டு கதவும் மேலே தூக்கியபடி நின்றது. ஆனால் எஞ்சின் நிறுத்தியிருந்தது. சொந்தக்காரர் ஒரு வயதான இத்தாலியர். அண்மையில்தான் வாங்கினாராம். ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லிக் கேட்டோம். ஏலாது என்று கையை விரித்தார்.

நான் தண்ணீர் வாங்க மூலையில் இருந்த தெப்பானர் பெட்டிக்கடைக்குப் போய்த் திரும்பினால், அங்கே ஒரே கலவரம். அண்ணை காரைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போய், வீட்டிலிருந்து சட்டைப் பைக்குள் கொண்டுவந்த தேசிக்காயை நாலு சில்லுக்கும் முன்னால் வைத்துவிட்டார்! காவலாளி அவருடைய கொலரைப் பிடித்து இழுக்கிறான்.

"புதுக் கார் தேசிக்காய் நசிக்காமல் ஓடக்கூடாது தம்பி! அவருக்குச் சொல்லு!"

நசிக்கிறதென்றால் ஸ்டார்ட் பண்ணத்தானே வேண்டும். மனிசன் எமகாதகன்! எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில், இது கண்ணூறு படாமல் இருக்கச் செய்கிற வேலை என்று விளக்கினேன். கிழவரின் முகம் மாறியது. தன் கழுத்துச் சங்கிலியை இழுத்து, அதில் கண்ணூறுக்கென்று கட்டித் தொங்கவிட்ட சின்னச் சிவப்புக் கொம்பைக் காட்டினார். அவருக்கும் அதே பயம். காவலாளியைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஐயோ, அந்தச் சத்தம்! சனம் காதைப் பொத்தியது. பிள்ளைகள் வீரிட்டு அழுதன. கார் மெல்ல நகர, தேசிக்காய் நாலும் நசிந்தன.

"அண்ணை, கேட்டியளோ!" என்று கத்தினேன்.

அவர் காரைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கை நெஞ்சில் இருந்தது.

"நெஞ்சு அதிருது தம்பி. சத்தம் எங்கை?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்றக் காதும் எப்போதோ போய்விட்டது. இவ்வளவு நாளும் மனிசன் எங்கள் வாயைப் பார்த்தே மறுமொழி சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

மெட்ரோவில் என் முழங்காலைத் தட்டி, "எப்பிடி இருந்தது, சொல்லு" என்றார். நான் அவருக்கு நேரே இருந்து, வாயை அகலத் திறந்து திறந்து சொன்னேன். முதலில் அடிவயிற்றால் உறுமினதை, பேந்து மேலே மேலே ஏறினதை, கடைசியில் கூவினதை எல்லாம் முகத்தாலும் கையாலும் செய்து காட்டினேன். ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் இருந்தாள். எங்கள் ஸ்டேசன் வந்து போயும்விட்டது.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார் அண்ணை.

நான் திரும்பவும் முதலிலிருந்து உறுமத் தொடங்கினேன்.