மெத்தை வியூகம்

பன்னிரண்டு நாள் வீட்டில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் யாரையும் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அது. எப்படி முடிந்தது என்று சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் எழுதுவது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடையில், ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு. நல்ல வெளிச்சமான அறை ஒன்று வீட்டில் காலியாகத்தான் கிடக்கிறது. என் மனைவி போய் ஆறு வருடமாகிறது. இருந்தாலும்.

அந்த அறைதான் விஷயமே. இரண்டு பக்கமும் ஜன்னல். அதில் என் டி.வி., என் விளையாட்டுப் பெட்டி, என் சாய்வு நாற்காலி, நான். எனக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. பகலெல்லாம் ஏறி இறங்கிவிட்டு வருகிறவன், சாயங்காலமாவது ஒரே மாடியில் இருக்கவேண்டும் என்று ஆசைப்படமாட்டானா?

அவள் தையல் வேலை செய்தாள். மிஷின் இந்த நடையில் கிடந்தது. குளியலறைக்குப் போகிறவர்கள் “கொஞ்சம் முழங்கை” என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போகவேண்டும். நடைக்கு ஒரே ஒரு பல்பு. கறுப்பு நூலா கருநீல நூலா என்று பார்க்க அவள் எழுந்து வாசல்வரை போய் வருவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை. நானே எண்ணியிருக்கிறேன். எண்ணினேனே தவிர எழுந்திருக்கவில்லை.

டி.வி.யில் நான் ஆடுகிற விளையாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆளுக்கு ஆறு பூதம். ஒரு முறை நீ, ஒரு முறை நான் என்று மோதவிடவேண்டும். எல்லாரும் வேகமான பூதமாகப் பொறுக்குவார்கள். நெருப்புக் கக்குவது, மின்னலைப் பிடித்து எறிவது. நானும் எட்டு வருடம் அப்படித்தான் பொறுக்கினேன். எட்டு வருடமும் போட்டியின் முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தேன். வீட்டிலிருந்தபடியே ஆடுகிற போட்டியில் வீட்டுக்கு வருவது எப்படி என்று அவள் கேட்டதுண்டு.

அப்புறம்தான் எனக்கு மெத்தை கிடைத்தது. அது நான் வைத்த பெயர். சுருட்டி வைத்த மெத்தைக்கு நாலு கால் ஒட்டியதுபோல் இருக்கும். முகம் எங்கே என்று தேடவேண்டும். அதற்கு அடிக்கத் தெரியாது, வாங்கத் தெரியும். எதிராளிமேல் கொஞ்சம் விஷத்தைத் தடவிவிட்டுக் கேடயத்தைத் தூக்கிக்கொள்ளும். அடி பலமாக விழுந்தால் படுத்துத் தூங்கும். எழுந்திருக்கும்போது காயமெல்லாம் ஆறியிருக்கும். கையில் ஒரு சோற்று மூட்டை உண்டு. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு வாய் தின்று தெம்பு ஏற்றிக்கொள்ளும். எதிராளிக்கோ ஒவ்வொரு அடியையும் இத்தனை தடவைதான் அடிக்கலாம் என்று அளவு இருக்கிறது. அது தீர்ந்துபோனால் வெறுங்கை. மற்ற ஐந்து பூதங்களுக்கும் மெத்தைக்குப் பணிவிடை செய்வதுதான் வேலை. பெரிசை நடுவில் நிறுத்து, மற்றதை அதைச் சுற்றிக் கட்டு. என் வியூகம் மொத்தமும் இவ்வளவுதான். இதை அவளிடம் நூறு தடவையாவது விளக்கியிருப்பேன். கேட்க வேறு ஆள் இல்லை.

அவள் கதவோரம் உட்கார்ந்து துணிக்கு ஓரம் மடித்தபடி பார்ப்பாள். மெத்தையைக் கொழுந்தனார் என்றுதான் சொல்வாள். எனக்குத் தம்பியே கிடையாது. ஜாடையை வைத்துச் சொந்தம் கொண்டாடினாள்.

“கொழுந்தனார் தூங்குறப்போ எதிராளி என்ன பண்ணுவான்?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“அடிப்பான். அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போவான்.”

“அடிக்காம, அவன் பாட்டுக்கு அவன் வேலையைப் பார்த்தா?”

“பார்க்கமாட்டான். தூங்குறவனைக் கண்டா யாருக்கும் ரெண்டு போடணும்னுதான் தோணும்.”

“அது என்னமோ நெஜந்தான்” என்று சொல்லி நூலைக் கடித்தாள்.

அந்த வருடம் மெத்தையின் புண்ணியத்தில் கடைசிப் பதினாறு பேரில் ஒருவனாக வந்துவிட்டேன். அடுத்த சுற்று ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பதின்மூன்று நாள் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அவள் வந்து எதிரே நின்றாள். சீருடைக் கடைக்கார அம்மாவிடமிருந்து காவலாளிகளுக்கு நாற்பது ஜோடி தைக்கும் வேலை வந்திருக்கிறதாம். அந்த அம்மா அடுத்த வாரம் சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து தைக்கிற இடத்தைப் பார்ப்பாராம். நடையில் வைத்துத் தைக்கிறோம் என்றால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம்.

“பத்து வருஷமா பாவாடைக்கு நாடா கோத்துக்கிட்டு இருக்கேன். ஒரு தடவையாவது முழு உடுப்பு தைக்கணும். அந்த ரூமை எனக்குக் குடுங்க.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எனக்கு மனசு இல்லை. அப்போதுதான் டி.வி.யில் மெத்தை கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்குப் பளிச்சென்று விளங்கியது. பதிலே சொல்லாமல் சனிக்கிழமை நாலு மணிவரை தாக்குப்பிடித்தால் போதும். வேலை தானாகக் கைமாறிவிடும், அறை தானாக மிஞ்சிவிடும். கேடயம், தூக்கம், சோற்று மூட்டை. மூன்றும் எனக்குப் பழக்கமானவைதான்.

செவ்வாய்க்கிழமை முதல் நாள். அவள் கேட்டாள். நான் “ம்” என்றேன். இப்படியா அப்படியா என்று தெரியாத ஒரு “ம்”. அதை லிஃப்டுக்குள் தனியாக நின்று காலையெல்லாம் பழகி வைத்திருந்தேன்.

அடி விழ ஆரம்பித்தது. காலையில் காபியோடு ஒன்று, சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது ஒன்று. ஊரெல்லாம் லிஃப்டைத் தூக்கி நிறுத்துகிறவருக்குத் தன் உடம்பை ஒரு அறையிலிருந்து தூக்க முடியவில்லை என்றாள். இந்த நாற்காலி வாங்கும்போது நாற்காலிதான், இப்போது அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை என்றாள். வெள்ளிக்கிழமை மாடி வீட்டுக்காரர் எதிரிலேயே, அந்தக் கடைசிப் பதினாறு பேரில் பதினைந்து பேருக்கு இன்னும் மீசை முளைக்கவில்லையாம் என்றாள். அதை நான் தாங்கியதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

வெளியேதான் மெத்தை. உள்ளே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் இயல்பாகவே ஒரு நிமிஷம் சும்மா இருக்கிறவன் இல்லை. கால் தானாக ஆடும். அதை இன்னொரு காலால் மிதித்துக்கொள்வேன். சொல்லாத பதில்களெல்லாம் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன. அவற்றில் சில நல்ல பதில்கள். வேலை செய்கிற இடத்தில், கதவு மூடிய பிறகு, யாருமில்லாத லிஃப்டுக்குள் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு தடவை கதவு திறந்துவிட்டது. வெளியே நாலு பேர். ஒருவரும் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமையோடு அடி நின்றது.

திங்கட்கிழமை அவள் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. நான் மாடிப்படியில் வைத்து மாடி வீட்டுக்காரரிடம் காதோடு சொன்னேன், தீர்ந்துபோச்சு என்று.

“என்னது தீர்ந்துபோச்சு?”

“அவகிட்ட இருந்த அடியெல்லாம்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எங்க வீட்ல அது தீர்ந்து நான் பார்த்ததில்லையே சார்” என்றார். அவர் குடைக் கம்பிபோல் இருப்பார். அவருக்குச் சட்டை தைத்தால் மிச்சத் துணியில் இன்னொருவருக்குத் தைக்கலாம். இப்படிப்பட்டவருக்குத் தாங்குவதைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். போகும்போது கழுத்தில் கிடந்த அளவு நாடாவை ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள். நாடாதானே.

செவ்வாய்க்கிழமை டீயோடு ஒரு துணிக்கட்டு வந்தது. நடையில் ஈரம், இங்கே இருக்கட்டும் என்றாள். நான் “ம்” என்றேன். புதன்கிழமை டீயோடு வடை வந்தது. வடைக்குப் பின்னால் இஸ்திரி மேஜை வந்தது. அதன் ஒரு கால் அவள் கையில், இன்னொரு கால் மாடி வீட்டுக்காரர் கையில். அவர் என் முகத்தைப் பார்க்காமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார், உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே போனார். அடி ஓய்ந்துவிட்டது, சோறு வருகிறது. மெத்தைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நான் வடையைத் தின்றேன்.

வியாழக்கிழமை நடந்ததற்கு நான் யாரையும் குறை சொல்லமுடியாது. அவள் ஒரு டியூப்லைட்டையும் முக்காலியையும் கொண்டுவந்து அறை நடுவில் வைத்தாள். முக்காலியில் ஏறி நின்று, ஒயரைத் தப்பான பக்கம் பிடித்தாள். பார்த்தேன். இறங்கி மறுபடியும் ஏறி, மறுபடியும் தப்பாகப் பிடித்தாள். எனக்குக் கை அரித்தது. மூன்றாவது தடவை என்னால் முடியவில்லை. எழுந்துபோய், பேசாமல், நானே மாட்டிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பேசவில்லையே என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மிஷின் உள்ளே வந்தது. டி.வி. தினமும் ஒரு சாண் தள்ளிப்போய்க்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். அதுவும் கழுத்து வலித்ததால். இப்போது அது கதவுக்கு வெளியே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குள் என்னமோ இடறியது. ஆனால் இன்னும் ஒரே ஒரு நாள். இந்த நேரத்தில் வாயைத் திறந்தால் பதினோரு நாள் பொறுமையும் வீண். நாற்காலி இருக்கிறது, நாற்காலியில் நான் இருக்கிறேன். நான் இருக்கிறவரை அறை என்னுடையதுதானே. கடைக்கார அம்மா உள்ளே வந்து பார்க்கட்டும். நடுவில் இத்தனை பெரிய ஆள் சட்டமாக உட்கார்ந்திருந்தால் இது தையல் கூடம் என்று யார் நம்புவார்கள்?

சனிக்கிழமை மூன்றரை மணி. அவள் டீ இல்லாமல் வந்தாள். கையில் வெட்டிய காக்கித் துணி. ஒரு நிமிஷம் எழுந்திருங்க, இந்தத் தோள் மட்டும் சரியாக இருக்கிறதா பார்க்கவேண்டும் என்றாள். எழுந்தேன். தோளுக்கு ஊசி, பக்கத்துக்கு ஊசி, கைக்குழிக்கு ஊசி. முப்பது குண்டூசிக்குக் குறையாது. அப்படியே இருங்க, அசைஞ்சா குத்தும் என்றாள். நாலு மணி அடித்தது.

கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நுழைந்தார். லைட்டைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். கடைசியில் என்னைச் சுற்றி ஒரு நடை வந்தார். முதுகுப்பக்கம் வெகுநேரம் நின்றார்.

“காவலாளிங்க எல்லாரும் இதே சுற்றளவுதாம்மா. அளவுப் பொம்மையில இந்த சைஸே வர்றது இல்ல. தச்சுக் குடுக்கிறவங்க எல்லாம் இதுலதான் திணறுறாங்க. நீங்க ஆளையே வச்சிருக்கீங்களே.”

“வீட்டுக்காரர்தாங்க.”

“அசையவே மாட்டேங்குறாரே?”

“அசையமாட்டார். பேசவும் மாட்டார்” என்றாள் அவள், என் காலரைச் சரிசெய்தபடி. “பன்னெண்டு நாளா பழகியிருக்கார்.”

வேலை அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. அந்த அம்மா படியிறங்கிப் போகிற சத்தம் தேயும்வரை காத்திருந்து, நான் பன்னிரண்டாம் நாள் வாயைத் திறந்தேன். இதெல்லாம் எப்போது யோசித்தாய் என்றுதான் கேட்க வந்தேன். மூச்சை இழுத்தேனோ இல்லையோ, விலாப்பக்கம் நாலு ஊசி சேர்ந்து குத்தியது. “ஐயோ” என்றுதான் வந்தது.

அவள் பல்லிடுக்கில் இருந்த ஊசியை எடுத்தாள். சிரிக்கக்கூட இல்லை.

“நீங்க சொல்லிக் குடுத்ததுதான். பெரிசை நடுவுல நிறுத்து, மத்ததை அதைச் சுத்திக் கட்டு.”

மறுநாள் மிஷின் இருந்த இடத்தில் டி.வி. இருந்தது. முழங்கை சுவரில் இடிக்க, இதே முக்காலியில் உட்கார்ந்து பதினாறு பேர் சுற்றை ஆடினேன். எதிரே ஆடியவனுக்கு மீசை உண்டா இல்லையா, தெரியாது. ஆனால் அவன் அடிக்கவே இல்லை. மெத்தை கேடயத்தைத் தூக்கியது. அவன் கத்தியைத் தீட்டினான். விஷம் தடவலாம் என்றால் அவன் கொண்டுவந்தது இரும்புப் பூதம். விஷம் வழிந்து ஓடிவிட்டது. மெத்தை சோறு தின்றது. அவன் கத்தியைத் தீட்டினான். மெத்தை படுத்துத் தூங்கியது. அவன் அவன் பாட்டுக்கு அவன் வேலையைப் பார்த்தான். ஆறாவது முறை ஒரே ஒரு வெட்டு. மெத்தை எழுந்திருக்கவில்லை. சுற்றியிருந்த ஐந்தும் பணிவிடை செய்ய ஆளில்லாமல் வரிசையாகச் சாய்ந்தன.

வெளிச்சமான அறைக்குள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது.

“கொழுந்தனார் போயிட்டாரா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

“ம்” என்றேன்.

“அப்ப நீங்க வாங்க. ரெண்டாவது சட்டை.”

போய், கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.