ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகை

என் அக்காவின் கல்யாணத்தை நிறுத்தியவள் நான்தான். முழுதாக நிறுத்தவில்லை; ஒன்றரை நாள் நிறுத்தினேன். அதுவும் எனக்கே தெரியாமல்.

அப்போது கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருந்தேன். எங்கள் தெருவில் ஏழு பேர் சேர்ந்து, காகிதம் வீணாவதைக் குறைக்க ஒரு குழு ஆரம்பித்தோம். ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள்களைச் சேர்த்து நோட்டாகத் தைத்தோம். கடைக்காரர்களிடம் போய், "பில் வேண்டாம்னு சொல்றவங்களுக்கு அடிக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டோம். மற்ற ஆறு பேரும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்குத்தான் நிறுத்தத் தெரியவில்லை. கிழித்த காலண்டர் தாளில் மளிகைச் சாமான் எழுதச் சொல்லி அம்மாவைப் பாடாய்ப் படுத்தினேன். (ஒருநாள் துவரம்பருப்புக்குப் பதிலாக ராகு காலத்தைப் படித்துவிட்டு அம்மா கடையில் முழித்தாளாம்.)

அந்த நேரம் பார்த்து மாலதி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை செந்தில், உறையூர்க்காரர். அப்பா ஐநூறு பத்திரிகை அடிக்க வேண்டும் என்றார்.

"ஐநூறும் குப்பைக்குத்தான்ப்பா போகும். ஒண்ணே ஒண்ணு அடிப்போம். நேர்ல போய்க் காட்டுவோம், படிச்சதும் திருப்பி வாங்கிக்குவோம். அப்புறம் எல்லாருக்கும் போன்ல படம் அனுப்பிடலாம்" என்றேன்.

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா செந்திலோடு போனில் பேசிக்கொண்டே தலையாட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா சம்மதித்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை, நானும் அம்மாவும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்த ஒற்றைப் பத்திரிகையோடு கிளம்பினோம். முதல் வீடு மணப்பாறையில், அப்பாவின் அண்ணன் வீடு. பத்திரிகை வைத்த தட்டைப் பெரியப்பா கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மண்டபத்தின் பெயர்வரை சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் நான் கையை நீட்டினேன்.

"அதைக் குடுங்க பெரியப்பா."

"எதை?"

"பத்திரிகையை."

"ஏம்மா, தப்பா அச்சடிச்சுட்டாங்களா?"

"இல்ல பெரியப்பா, எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் திருப்பிக் கேக்கறே?"

மரம், ஆறு, குப்பைமேடு என்று நான் விளக்கினேன். அவருக்கு ஒன்றும் ஏறவில்லை. காப்பியோடு வந்த பெரியம்மா அம்மாவிடம் குசுகுசுவென்று விசாரித்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் அம்மா, "அவ ஏதோ பேப்பர் குழுவுல இருக்கா" என்றாள்.

பெரியப்பா திடுக்கிட்டார். "பேப்பர்ல வேற போடப் போறீங்களா? குடும்ப விஷயத்தையா?"

எதைப் பேப்பரில் போடுவது என்று எனக்கும் புரியவில்லை, அம்மாவுக்கும் புரியவில்லை. பத்திரிகையை மட்டும் பத்திரமாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அடுத்து அரியமங்கலம், அம்மாவின் தங்கை வீடு. சித்தப்பா லேத் பட்டறையிலிருந்து அப்படியே வந்து பத்திரிகையை வாங்கினார். அதில் அவருடைய கட்டைவிரல் கருப்பாகப் பதிந்தது. சித்தி அதை வாங்கிக்கொண்டுபோய்ச் சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். சாமியிடமிருந்து எப்படித் திருப்பிக் கேட்பது? சித்தி டீ போடப் போன நேரத்தில் நானே எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். டீயோடு வந்தவள் அலமாரியைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. டீ நன்றாக இருக்கிறது என்றேன்.

அன்றைக்கு மொத்தம் ஒன்பது வீடு. படத்தை ஞாயிறு மாலை எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பலாம் என்று திட்டம்.

ஞாயிறு விடிந்ததிலிருந்து போன் வந்தது. யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. "மனசைத் தளர விட்டுடாதீங்க" என்றார் ஒருவர். அப்பா, "சரிங்க, விடலைங்க" என்றார். "மாலு சாப்பிடறாளா?" என்று சித்தி தழுதழுத்தாள். "சாப்பிடறாளே, நாலாவது தோசை" என்றாள் அம்மா. அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. "எல்லாரும் ஏன் இவ்வளவு பாசமா இருக்காங்க?" என்று அப்பா குழம்பினார். கல்யாண வீடு என்றால் அப்படித்தான் என்று நான் தைரியம் சொன்னேன்.

மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. செந்திலின் அம்மா இறங்கினார். பின்னால் செந்தில், ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொரு காலில் வேறு யாருடையதோ.

"எங்ககிட்ட என்ன குறை கண்டீங்க சம்பந்தி?" என்றார் அந்த அம்மா. "ஊரெல்லாம் போய்ப் பத்திரிகையைத் திருப்பி வாங்கிட்டீங்களாமே! பேப்பர்லயும் போடப் போறீங்களாமே!"

உள்ளேயிருந்து ஓடி வந்த அக்கா, "அவர்தான் வேணாம்னுட்டாரா?" என்று அழ ஆரம்பித்தாள். "நான் எங்க சொன்னேன்? நீதான் வேணாம்னு சொல்லிட்டியாமே!" என்றார் செந்தில். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பைக்குள்ளிருந்து பத்திரிகையை எடுத்து நீட்டினேன். மஞ்சள், கட்டைவிரல் கருப்பு, காப்பிக் கறை, ஓரத்தில் ஏதோ குழந்தை கடித்த அடையாளம். நடந்ததைச் சொன்னேன். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னதில் மரமும் ஆறும் விட்டுப்போயின. அதனால்தானோ என்னவோ, முதல்முறையாக எல்லோருக்கும் புரிந்தது.

செந்திலின் அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்றார். குடித்துவிட்டு, "காகிதம் மிச்சமாச்சா?" என்று கேட்டார். முதலில் சிரித்தது செந்தில்தான்.

மிச்சமாகவில்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டவர்களில் அழைக்க நினைக்காத ஆட்களும் நிறைய இருந்தார்கள். அவர்களையும் அழைக்க வேண்டியதாயிற்று. அப்பா அடிக்க நினைத்த ஐநூறு எழுநூறாயிற்று. எழுநூறையும் மடித்து உறையில் போட்டவள் நான். எங்கள் குழு அடுத்து கூடியபோது இதைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ஒற்றைப் பத்திரிகைக்காக அவர்கள் என்னைப் பாராட்டிக் கைதட்டியதால் சொல்ல முடியாமல் வந்துவிட்டேன்.

சில வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு அழைக்க மணப்பாறைக்குப் போனோம். பெரியப்பா பத்திரிகையைப் பிரிக்கக்கூட இல்லை. வாங்கிய வேகத்தில் பெரியம்மாவிடம் கொடுத்தார். பெரியம்மா உள்ளே போனாள். பீரோ பூட்டும் சத்தம் கேட்டது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்:

"ம், இப்பச் சொல்லு, மாப்பிள்ளை யாரு?"