சாலத்தியேலின் அருள் மேசை

காரூ என்ற வறண்ட வெளியிலுள்ள க்ளிப்பூர்ட் என்ற சிற்றூரில் அந்த ஏப்ரல் முழுக்க ஆடுகளுக்குத்தான் கெட்ட காலம். சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து பிக்கப் வண்டிகளில் ஏற்றிவந்து சாலத்தியேல் வீட்டு வாசலில் இறக்கினார்கள். ஒரு கேள்விக்கு ஒரு ஆடு. கொழுத்த ஆடு என்றால் நல்ல பதில். எலும்பும் தோலுமாக ஒன்றை ஓட்டிவந்தவன் பாடு திண்டாட்டம்தான்.

பதில் சொல்வது சாலத்தியேல் அல்ல. அவர் அவ்வளவு கர்வக்காரர் இல்லை. கல்தான் சொல்லும்.

உயிர்க்கல் என்று அங்கே ஒரு செடி. தடித்த இரண்டு இலைகள் ஒட்டிக்கொண்டு, கூழாங்கல்லாகவே தரையில் கிடக்கும். இலைகளுக்கு நடுவே ஒரு பிளவு. இலையுதிர்காலத்தில், அந்தப் பக்கம் அது ஏப்ரல் வாக்கில், அதிலிருந்து மஞ்சள் பூ வரும். காலகாலமாக ஊரே அதை மிதித்துக்கொண்டு நடந்தது. சேகரிக்கிற பைத்தியம் பிடித்த வெளியூர்க்காரர்கள் வந்து மண்டியிட்டுப் பார்த்தபிறகுதான், அடடா நம்ம கல் என்று பாசம் பொங்கியது. வீட்டுக்கு வீடு தொட்டி. அதுவும் முன்வாசலில். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர்கள் பார்க்காவிட்டால் வளர்த்து என்ன பயன்?

ஊருக்கு ஒற்றைத் தெரு. வீடுகள் அத்தனையும் கிழக்குப் பார்த்தவை. முன்வாசல் தொட்டிகளில் மொட்டு வரும், விரியாது. அப்படியே சுருங்கிப்போகும். அதே தொட்டியை சாலத்தியேலின் கொல்லையில், அருள் மேசைமேல் வைத்து அவர் ஒரு பாட்டுப் பாடினால் போதும், சாயங்காலத்துக்குள் பூ விரிந்துவிடும். விரிந்தால் காரியம் ஜெயம். சில தொட்டிகளை மட்டும், மிளகு போலக் காய்க்கிற மிளகுமரத்தடியில் இன்னொரு மேசைக்கு அனுப்புவார். அவை விரியாது. விரியாத கல் வீட்டுக்கு ஆகாது என்று அவரே வைத்துக்கொள்வார். பிறகு அவை எந்தச் சேகரிப்பாளர் வீட்டு அலமாரிக்குப் போயின என்று யாரும் கேட்டதில்லை.

ஹெஸ்டருக்கு யோனாஸோடு சனிக்கிழமை கல்யாணம். பெண் கேட்க வரும்போது மாப்பிள்ளை ஒரு உயிர்க்கல் தொட்டி கொண்டுவருவது அந்த ஊர் வழக்கம். இரண்டு இலை ஓருடல் அல்லவா! ஹெஸ்டரின் அப்பா டாவிட் அந்தத் தொட்டியைச் சும்மா விடுவாரா? அருள் பார்க்க சாலத்தியேலிடம் தூக்கிப்போனார். யோனாஸ் ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவன். சாலத்தியேல் அவனிடம் ஆடு கேட்டபோது, "கல்லு ஆடு திங்குமாய்யா?" என்று கேட்டுவிட்டான். தொட்டி நேராக மிளகுமரத்தடிக்குப் போனது.

டாவிட் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"கல்யாணம் நிறுத்தம். பையன் மேல கல்லுக்கு நம்பிக்கை இல்ல."

ஹெஸ்டருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "உங்க பொண்ணு மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்காப்பா? நம்ம கொல்லைல நான் விதை போட்டு வளர்த்ததெல்லாம் தினம் விரியுதே, அதுக்கு யாரு பாடினா?"

"அவரு மூணு வீடு தள்ளித்தானே இருக்காரு. காத்துல அருள் வருதும்மா."

இதற்குமேல் என்ன பேச? மனிதர் மூளையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் சாலத்தியேல் கொல்லையில் நிற்க இடமில்லை. ஹெஸ்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய்ப் பவ்யமாகக் கேட்டாள்.

"ஐயா, அருள் உங்ககிட்ட இருக்கா, மேசைகிட்ட இருக்கா?"

சாலத்தியேல் சிரித்தார். அப்பிங்டன் டவுனில் தையல் மெஷின் விற்ற காலத்திலிருந்தே அந்தச் சிரிப்புக்கு நல்ல விலை. "பைத்தியக்காரப் பொண்ணே, மேசைல என்ன இருக்கு? என்கிட்டதான்."

"அப்ப மேசைத் தொட்டியையும் மரத்தடித் தொட்டியையும் இடம் மாத்தி வைக்கலாமே. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

சிரிப்பு பாதியில் நின்றது. "கல்லைச் சோதிக்கக் கூடாது."

முழங்கால் வலிக்கு ஆடு கொடுத்திருந்த ட்ரூய் அத்தை எழுந்தாள். "மேசைல ஒண்ணுமில்லன்னு இப்பத்தானே சொன்னீங்க. மாத்துங்க, பார்ப்போம். எனக்கும் பொழுது போகணும்."

கூட்டத்துக்கு வேடிக்கை என்றால் கசக்குமா? டாவிட்டே போய் மரத்தடியிலிருந்து யோனாஸின் தொட்டியைத் தூக்கி அருள் மேசையில் வைத்தார். மேசையிலிருந்த, பண்ணையார் ஒருவர் நாலு ஆடு கொடுத்து வைத்திருந்த தொட்டி மரத்தடிக்குப் போனது. இரண்டிலும் மொட்டு மூடித்தான் இருந்தது.

சாலத்தியேல் பண்ணையார் தொட்டிக்கு முன்னால் நின்று பாடினார். கண்ணை மூடிப் பாடினார், கையை உயர்த்திப் பாடினார், தொண்டை கட்டப் பாடினார். மொட்டு அசையவில்லை. யோனாஸின் தொட்டிப் பக்கம் ஒருவரும் போகவில்லை. மேற்கு வெயில் மட்டும் அதன்மேல் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் மொட்டின் நுனி பிரிந்தது. நாலு மணி வாக்கில் கல்லே தெரியாத அளவுக்கு மஞ்சள் பூ மலர்ந்துவிட்டது.

"சந்தேகப் பிராணிங்க இன்னைக்கு ஜாஸ்தி," என்றார் சாலத்தியேல், கரகரத்த குரலில். "கல்லு கோவிச்சுக்கிச்சு."

"கோவிச்ச கல்லு எனக்கு மட்டும் ஏன்யா விரிஞ்சுது?" என்றான் யோனாஸ், கூட்டத்துக்குள்ளிருந்து.

ஹெஸ்டர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இந்தப் பூ சாயங்கால வெயில்லதான் விரியும். நீங்க எல்லாரும் கிழக்கு வாசல்ல வெச்சீங்க. மத்தியானம் வந்தா அங்க நிழல். இந்த மேசை மேற்கு பாத்து இருக்கு. மரத்தடில வெயிலே இல்ல. அவ்வளவுதான் அருள்."

பண்ணையார் முதலில் தம் ஆடுகளை அவிழ்த்தார். பிறகு ஆளாளுக்குப் பட்டியில் பாய்ந்து, எது யாருடையது என்று அடித்துக்கொண்டார்கள். அந்தக் களேபரத்தில் சாலத்தியேல் கைப்பெட்டியோடு வேலி தாண்டினார். அவ்வளவு வயிற்றோடு அவர் தாண்டியதுதான் அந்த வருடம் க்ளிப்பூர்ட்டில் நடந்த ஒரே அற்புதம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ட்ரூய் அத்தை விந்தி விந்தி யோனாஸிடம் வந்தாள்.

"தம்பி, அருள் உன்கிட்டதான் இருந்திருக்கு. என் முழங்காலைக் கொஞ்சம் தொடேன்."

அவளுக்குப் பின்னால் ஆறேழு பேர் வரிசையே கட்டிவிட்டார்கள். யோனாஸ் பதறிப்போய்க் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "அத்தை, எனக்குத் தெரிஞ்சது ஆட்டுக்கால் ஒண்ணுதான். டாக்டர்கிட்டப் போங்க."

டாவிட் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"சனிக்கிழமை கல்யாணம் நடக்கட்டும்மா," என்றார் மெதுவாக. "ஆனா இவ்வளவு நாளா இந்த வெயில் விஷயத்தை நீ ஏன் என்கிட்டச் சொல்லல?"

"பூ ஏன் விரியலன்னு செடி வளர்க்கிறவகிட்ட நீங்க எப்பப்பா கேட்டீங்க?" என்றாள் ஹெஸ்டர். "ஆடு வாங்கறவன்கிட்டல்ல போய்க் கேட்டீங்க."